மூன்று ராப் பாடகர்களின் கேள்வி ஞானம்

நியூயார்க்கின் மூவர் ராப் குழுவான பீஸ்டி பாய்ஸின் ‘தி மிக்ஸ்-அப்’ தொகுப்பை முதன்முதலாகக் கேட்டபோது நான் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். ஆர்கன் தொடங்கியது, டிரம்ஸ் சேர்ந்தது, பேஸ் கிட்டார் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதோ, மூவரில் ஒருவர் அந்த மூக்கடைத்த குரலில் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். முதல் உருப்படி முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. நான்காவது உருப்படி பாதியைத் தாண்டியபோது, வேறு யாருடைய குறுந்தகடோ இந்த உறைக்குள் மாறி வந்துவிட்டது என்ற சந்தேகத்தில் அதைத் திருப்பிப் பார்த்தேன். பெயர் சரியாகத்தான் இருந்தது. குரல் மட்டும் கடைசிவரை வரவில்லை.

2007 ஜூன் 26 அன்று கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்ட அந்தத் தொகுப்பில் 12 உருப்படிகள் உள்ளன. எதிலும் ராப் கிடையாது. மைக்கேல் டயமண்ட் டிரம்ஸ் வாசிக்கிறார், ஆடம் ஹொரோவிட்ஸ் கிட்டார் வாசிக்கிறார், ஆடம் யாக் பேஸ் வாசிக்கிறார். மணி மார்க் என்ற பெயரில் அறியப்படும் மார்க் ராமோஸ் நிஷிடா கீபோர்டிலும், ஆல்ஃபிரெடோ ஒர்டிஸ் கைத்தாளக் கருவிகளிலும் துணைநிற்கிறார்கள். சொற்களை வைத்தே உலகப் புகழ் அடைந்த மூவர், சொல்லையே தொடாமல் ஏறக்குறைய நாற்பது நிமிடம், தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் இசையும் ஆர்கன் சார்ந்த சோல் ஜாஸும் வாசித்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்கு ஒரு விளையாட்டாகவே பட்டது. அதிலும் அவர்கள் தேர்ந்த ஜாஸ் கலைஞர்கள் அல்லர் என்பது காதில் விழுந்த முதல் நொடியிலேயே தெரிந்தது. ஒருமுறை கேட்டுவிட்டு ஓரமாக வைத்துவிட்டேன்.

அதை மறுபடி எடுக்க நேர்ந்தது சில ஆண்டுகள் கழித்து. நாற்பதை நெருங்கும் வயதில் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ளப் போனேன். “வேகமாக வாசிக்கும் ஆசையை முதலில் விட்டுவிடுங்கள் சார், சின்னதாக ஒரு வரியை எடுத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் எதையும் மாற்றாமல் வாசித்துக் காட்டுங்கள், அதன்பிறகு பார்க்கலாம்” என்றார் ஆசிரியர். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்தச் சொல்லில் ஏதோ ஏளனம் இருப்பதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். எளிதாக இருக்கும் என்று நம்பி இந்தக் குறுந்தகட்டை ஓடவிட்டு, யாக் வாசிப்பதோடு சேர்ந்து வாசிக்க முயன்றேன். இரண்டு நிமிடம்கூடத் தாண்டவில்லை. விரல் தானாகவே ஒரு சங்கதி போடப் போய்விடுகிறது. போட்ட மாத்திரத்தில் தாளம் நழுவுகிறது. அந்த மனிதரோ அதே சில சுரங்களைச் சலிக்காமல் வாசித்துக்கொண்டே போகிறார். திறமைக் குறைவு என்று நான் கணக்கெழுதி வைத்திருந்ததில் ஒரு பங்கு உண்மையில் திறமை என்பது அன்றுதான் உறைத்தது.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஹிப் ஹாப்பின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிவந்த டி.ஜே. கூல் ஹெர்க், 1973இல் தான் நடத்திய கொண்டாட்டங்களில், ஃபங்க் பாடல்களின் நடுவே மற்ற கருவிகள் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளைத் தேடிப்பிடித்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாறி மாறி ஓட்டி அந்த நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். ‘பிரேக்’ எனப்படும் அந்த இடத்தை நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தோடு ஒப்பிடத் தோன்றும். ஒப்பீடு பாதி தூரம்தான் வரும். தனி ஆவர்த்தனத்தில் வித்வான் தன் கணக்கையும் கற்பனையையும் விரித்துக்கொண்டே போவார். பிரேக்கில் தாளக்காரர் எதையும் விரிப்பதில்லை. அதே நடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை, ஆடுபவர்களுக்கு வேண்டியதும் அதுவே. பிறகு சாம்பிளர் கருவி வந்து, அந்தச் சில நொடிகளை வெட்டி எடுத்து முடிவின்றிச் சுழலவிடும் வேலையை எளிதாக்கியது.

பீஸ்டி பாய்ஸ் இந்த உலகத்துக்குள் வெளியிலிருந்து வந்தவர்கள். 1981இல் நியூயார்க்கில் வேகமும் கத்தலும் நிறைந்த ஹார்ட்கோர் பங்க் குழுவாகத் தொடங்கிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவர்கள். அப்போது டயமண்ட் பாடகர், டிரம்ஸ் வாசித்தவர் கேட் ஷெல்லன்பாக், கிட்டார் ஜான் பெர்ரி, பேஸ் யாக். ஹொரோவிட்ஸ் பின்னால் வந்து சேர்ந்தார். பிறகு ராப்புக்குத் தாவி, 1986இல் ‘லைசென்ஸ்ட் டு இல்’ தொகுப்பை வெளியிட்டு, அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் தொகுப்பு என்ற பெயரைத் தட்டிச் சென்றார்கள். கறுப்பின மக்களின் கலையில் அந்த இடம் வெள்ளையர் மூவருக்குப் போனதைப் பற்றி நியாயமான முணுமுணுப்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1989இல் இசைத் தயாரிப்பாளர்களான டஸ்ட் பிரதர்ஸுடன் சேர்ந்து அவர்கள் உருவாக்கிய ‘பால்ஸ் பூட்டிக்’, நூற்றுக்கும் மேற்பட்ட பழைய பாடல்களின் துண்டுகளை ஒட்டித் தைத்த தொகுப்பு. இன்று அதைக் காவியம் என்கிறார்கள். வந்த நேரத்தில் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் கருவிகளைக் கையில் எடுத்ததற்கு வழக்கமாக ஒரு காரணம் சொல்லப்படுகிறது. 1991 டிசம்பரில், கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாடலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் சாம்பிளிங் செலவு பிடிக்கும் வேலையாகிவிட்டது. எனவே அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள் என்பது அந்த விளக்கம். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது, ஆனால் காலக்கணக்கு உதைக்கிறது. அவர்கள் வாசித்துப் பதிவுசெய்த ‘செக் யுவர் ஹெட்’ 1992 ஏப்ரலில் வெளிவந்தது. அதன் வேலையில் பெரும்பகுதி அந்தத் தீர்ப்புக்கு முன்பே நடந்தது. சட்டத்துக்குப் பயந்து எடுத்த முடிவென்றால் அந்தத் தொகுப்பில் சாம்பிள்களே இருக்கக் கூடாது, நிறையவே இருக்கின்றன. இசைத்தட்டுகளில் வெட்டி எடுத்த துண்டுகளை அத்தனை முறை கேட்டபின், தாங்களும் அதை வாசித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு வந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். நம் ஊரில் குருவிடம் உட்காராமல் கேட்டுக் கேட்டே பாடக் கற்றவரைக் கேள்வி ஞானம் உள்ளவர் என்போம். இவர்களுடைய ஃபங்க் அந்த வகையைச் சேர்ந்தது. ஒரு வேறுபாடு, இவர்கள் கேட்டது முழுப் பாடலையல்ல, துண்டுகளை.

லாஸ் ஏஞ்சலஸின் அட்வாட்டர் வில்லேஜ் பகுதியில் ‘ஜி-சன்’ என்ற பெயரில் அவர்கள் ஒரு பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டார்கள். அங்கே கூடைப்பந்து ஆடும் இடமும் சறுக்குப்பலகை ஓட்டும் மரச்சரிவும் இருந்தன. மணி மார்க் இந்தக் கதைக்குள் நுழைந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் தச்சர். குழுவினர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் உடைந்த வாயிற்கதவைச் சரிசெய்ய வந்தவர், கீபோர்டு வாசிப்பவரும்கூட என்று தெரிந்து, குழுவின் நான்காவது ஆள் போலவே ஆகிவிட்டார். பதிவுக்கூடத்தில் மரவேலை செய்ததும் அவர்தான். கட்டிய இடத்திலேயே உட்கார்ந்து வாசித்தவர் என்பதாலோ என்னவோ, அவருடைய ஆர்கனில் விருந்தாளியின் கூச்சம் கொஞ்சமும் இல்லை.

ஜி-சன்னில் நடந்த வேலையின் முறை கவனிக்க வேண்டியது. ஒலிப்பதிவாளரும் இணைத் தயாரிப்பாளருமான மாரியோ கல்டாட்டோவின் மேற்பார்வையில் அவர்கள் மணிக்கணக்கில் கூடி வாசித்தார்கள். எல்லாம் நாடாவில் பதிவானது. பிறகு அந்தக் குவியலைப் போட்டுக் கேட்டு, நன்றாக விழுந்த சில நொடிகளை மட்டும் வெட்டி எடுத்துச் சுழலவிட்டார்கள். அதாவது, பிறர் இசைத்தட்டுகளில் எதைத் தேடினார்களோ அதையே தங்கள் வாசிப்பிலும் தேடினார்கள். கலைஞன் தான் வாசித்ததைப் பார்க்கும் பார்வை அன்று, பழைய இசைத்தட்டுக் கடையில் தூசி தட்டிப் பொறுக்குபவனின் பார்வை அது. பின்னாளில் அவர்கள் முழு உருப்படிகளை வாசித்தபோதும் இந்தப் பொறுக்கும் புத்தி கையோடு வந்தது. எனக்கு அவர்களுடைய கருவியிசையின் சாரமே அதுதான்.

‘செக் யுவர் ஹெட்’ தொகுப்பில் ‘குரூவ் ஹோம்ஸ்’ என்றொரு கருவியிசை உருப்படி உண்டு. 1991இல் மறைந்த ஆர்கன் கலைஞர் ரிச்சர்ட் ‘குரூவ்’ ஹோம்ஸின் பெயர் அது. அவர் வாசித்தது ஹாமண்ட் ஆர்கன். லாரன்ஸ் ஹாமண்ட் என்ற பொறியாளர், முன்னர் மின்கடிகாரங்கள் செய்தவர், 1935இல் இந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் அதை வாங்கிப்போட்டன. உள்ளே பல்சக்கரங்கள் போன்ற உலோகத் தட்டுகள் காந்தங்களின் அருகில் சுழன்று ஒலியைப் பிறப்பிக்கின்றன. அந்த ஒலி, சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கியின் வழியே வெளியேறும்போது அலையாடுகிறது. ஜிம்மி ஸ்மித் 1950களின் நடுவில் இதை ஜாஸுக்குள் முழு வேகத்தோடு இழுத்துவந்தார். ஆர்கன் கலைஞரே இடது கையாலும் காலடி மிதிகளாலும் பேஸையும் பார்த்துக்கொள்வதால், ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் என மூன்று பேர் போதும். நான்காவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பதில் மதுக்கடை முதலாளிகளுக்கும் மகிழ்ச்சி. தேவாலயத்தின் ஒலி அமெரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளின் மதுக்கடைக்கு வந்து சோல் ஜாஸ் ஆனதில் இந்தச் சிக்கனத்துக்கும் பங்கு உண்டு.

ஹோம்ஸ் குறிப்பாகத் தன் பேஸ் வரிகளுக்குப் பெயர்பெற்றவர். அவர் ஒருவராகவே தாங்கிய சுமையை, அவர் பெயர் தாங்கிய உருப்படியில் மணி மார்க்கின் ஆர்கனும் யாக்கின் பேஸும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஹோம்ஸ் அளவுக்கு ஓடக்கூடிய விரல்கள் அந்த அறையில் யாருக்கும் இல்லை. ஆனால் அவர்கள் ஹோம்ஸின் தனிவாசிப்பைப் பாவனை செய்யவே முயலவில்லை. அந்த இசைத்தட்டுகளில் தனிவாசிப்புக்கு முன்னால் வரும் அந்தச் சில நொடி ஓட்டத்தை, சாம்பிளருக்காக எந்த இடத்தில் ஊசியை வைப்பார்களோ அந்த இடத்தை மட்டுமே வாசித்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் தி மீட்டர்ஸ் குழுவிடமும் இதே பாடம் கிடைக்கும். 1969இல் வந்த அவர்களுடைய ‘சிஸ்ஸி ஸ்ட்ரட்’ கேட்டவர்களுக்குத் தெரியும்: ஆர்ட் நெவிலின் ஆர்கனுக்கும் லியோ நொசென்டெல்லியின் கிட்டாருக்கும் இடையே விடப்பட்ட வெற்றிடந்தான் அங்கே பாதி இசை.

இங்கே ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். அதே ‘செக் யுவர் ஹெட்’ தொகுப்பில் ‘பாஸ் தி மைக்’ என்ற ராப் பாடல் இருக்கிறது. ஜேம்ஸ் நியூட்டன் என்ற ஜாஸ் புல்லாங்குழல் கலைஞரின் ‘கொயர்’ என்ற உருப்படியிலிருந்து ஏறக்குறைய ஆறு நொடித் துண்டொன்று அதில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. குழலை ஊதியபடியே குரலும் கொடுக்கும் முறையில் வாசித்த மூன்று சுரங்கள் அவை; கிராமப்புற ஆர்கன்சாவில் ஒரு தேவாலயத்தில் நான்கு கறுப்பினப் பெண்கள் பாடியதன் நினைவில் பிறந்த இசை. ஒலிப்பதிவின் உரிமையை வைத்திருந்த இ.சி.எம். நிறுவனத்துக்கு 1,000 டாலர் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார்கள். இசையமைப்பின் உரிமை நியூட்டனிடம் இருந்தது, அவரிடம் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டு அவர் வழக்குத் தொடுத்தார். மூன்று சுரங்கள் இசையமைப்பாகக் காப்புரிமை கோரும் அளவுக்குத் தனித்தன்மை கொண்டவை அல்ல என்று மாவட்ட நீதிமன்றமும், எடுத்த பங்கு மிகச் சிறியது என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குழுவுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தன. சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு டயமண்டின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சுரம் மூன்றுதான் என்றாலும், அந்த மூச்சும் குரலும் கலந்த ஒலிக்காகத்தானே அதைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஆனால் இதைச் சொல்லிவிட்டு, கருவியை எடுத்து வாசித்தால் எல்லாம் நேர்மையாகிவிடும் என்று முடிக்கவும் என்னால் இயலவில்லை. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில நொடித் தாளம், ஹிப் ஹாப்பில் மிக அதிகமாக வெட்டி ஒட்டப்பட்ட துண்டுகளில் ஒன்று. பாடலின் ஆசிரியராக அவர் பெயர் இல்லாததால் உரிமைத்தொகை அவருக்குப் போய்ச் சேரவில்லை. அந்தத் தாளத்தை வெட்டாமல், அதன் நடையைக் கற்று ஒருவர் புதிதாக வாசித்தால் கேட்கவே வேண்டாம், யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வெட்டி எடுத்தபோதாவது இ.சி.எம்.முக்கு 1,000 டாலர் போனது. உருப்படிக்கு ‘குரூவ் ஹோம்ஸ்’ என்று பெயர் வைத்தது, சட்டம் கேட்காத ஒரு கடனை ஒப்புக்கொண்ட செயலாகவே எனக்குப் படுகிறது.

1994இல் வந்த ‘இல் கம்யூனிகேஷன்’ தொகுப்பிலும் இப்படிப்பட்ட உருப்படிகள் இருந்தன. ‘சப்ரோசா’, ‘ரிக்கிஸ் தீம்’, ‘போபோ ஆன் தி கார்னர்’ ஆகியவை அவற்றில் சில. கடைசியாகச் சொன்னதன் பெயர், லத்தீன் ஜாஸ் தாளக் கலைஞர் வில்லி போபோவின் மகனும் குழுவோடு வாசித்தவருமான எரிக் போபோவையும், மைல்ஸ் டேவிஸின் ஒரு தொகுப்பின் தலைப்பையும் ஒருசேரக் கிண்டும் சிலேடை. இந்த இரண்டு தொகுப்புகளின் கருவியிசையையும், வேறு இரண்டொன்றையும் சேர்த்து, 13 உருப்படிகளாக 1996இல் ‘தி இன் சவுண்ட் ஃபிரம் வே அவுட்!’ வெளிவந்தது. தலைப்பும் அட்டையும் பெரி, கிங்ஸ்லி இருவரின் 1966ஆம் ஆண்டு மின்னிசைத் தொகுப்பிலிருந்து எடுத்தவை. அட்டையைக்கூட அவர்களால் சாம்பிள் செய்யாமல் இருக்க முடியவில்லை.

ஆக, 2007இல் அவர்கள் முதன்முறையாகக் கருவிகளைத் தூக்கவில்லை. முழுத் தொகுப்பையும் கருவியிசைக்கென்றே முதன்முறையாக எழுதினார்கள். பதிவு நடந்த இடம் நியூயார்க்கில் யாக் அமைத்த ஆசிலோஸ்கோப் கூடம். அந்தக் கோடையில் ‘காலா’ (ஆடம்பர விழா) நிகழ்ச்சிகள் என்று பெயரிட்டு, கோட்டு சூட்டு அணிந்து மேடையேறி, வருபவர்களையும் நன்றாக உடுத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். 2008 பிப்ரவரியில் இத்தொகுப்புக்குச் சிறந்த பாப் கருவியிசைத் தொகுப்புக்கான கிராமி கிடைத்தது. பாப்! ஜாஸ் பிரிவில் இதற்கு இடமில்லை, ராப்பிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே தரையில் விழுந்ததை யாரோ எடுத்து அந்தப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

தொகுப்பின் குறைகளை மறைக்கப் போவதில்லை. முன்னைய தொகுப்புகளில் மூவரும் கூச்சலிட்டு முடித்த இடத்தில் திடீரென்று ஆர்கன் மட்டும் ஒலிக்கும்போது, வெயிலில் அலைந்தவன் திண்ணையில் உட்கார்ந்தது போலிருக்கும். ‘தி மிக்ஸ்-அப்’ முழுக்கத் திண்ணைதான், வெயில் இல்லை. அதனால் நடுவில் சில உருப்படிகள் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு மேல் கேட்டும் ‘தி மெலீ’ எப்படித் தொடங்கும் என்று கேட்டால் நான் விழிப்பேன். ஒரே தொகுப்பைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் 1996ஆம் ஆண்டுத் தொகுப்பையே எடுப்பேன்.

ஆயினும் ‘சூகோ டி டாஞ்சரீனா’வைக் கேளுங்கள். போர்ச்சுகீசிய மொழியில் ஆரஞ்சு வகைப் பழமொன்றின் சாறு என்று பொருள்படும் அந்த உருப்படியில் ஜமைக்காவின் டப் இசையின் சாயல் விழுகிறது. ஒவ்வொரு கருவியும் மற்றொன்றுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கிறது. ‘ஆஃப் தி கிரிட்’ சாதுவாகத் தொடங்கி, பழைய பங்க் நாட்களின் முரட்டுத்தனத்தைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுகிறது. ‘எலக்ட்ரிக் வார்ம்’ மெதுவாக ஊர்கிறது. எதிலும் யாரும் முன்னால் வந்து வித்தை காட்டுவதில்லை. தேர்ந்த கலைஞர்களிடம் இந்த அடக்கம் கிடைப்பது அரிது. அவர்களுக்குத் தெரிந்தது அதிகம், சொல்லாமல் இருப்பது கடினம். இவர்களுக்கோ தெரிந்தது சிறிது, அந்தச் சிறிதை எத்தனையோ முறை சுழலவிட்டுக் கேட்டிருக்கிறார்கள்; எது திரும்ப வந்தாலும் சலிக்காது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

யாக் 2009இல் புற்றுநோய்க்கு ஆளானார். 2012 மே 4 அன்று தம் 47ஆம் வயதில் மறைந்தார். மற்ற இருவரும் அதன்பின் அந்தப் பெயரில் இசை செய்யவில்லை. கருவியிசைக்கென்றே அவர்கள் புதிதாக எழுதிய தொகுப்பு இந்த ஒன்றோடு நின்றுவிட்டது.

அதில் எட்டாவது உருப்படியின் பெயர் ‘தி ரேட் கேஜ்’. 1982இல், ராப் என்ற எண்ணமே வருவதற்கு முன், அவர்களுடைய முதல் பங்க் தட்டை வெளியிட்ட நியூயார்க்கின் சிறு நிறுவனத்தின் பெயரும் ரேட் கேஜ்தான். அதை நினைத்தே வைத்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தட்டில் டயமண்ட் தொண்டை கிழியக் கத்தினார், அவருக்குப் பின்னால் யாக் பேஸ் வாசித்தார். இந்த உருப்படியில் டயமண்ட் டிரம்ஸின் பின்னால் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார். யாக் வாசிப்பது அதே பேஸ்தான், வேகம் மட்டும் பாதிக்கும் கீழே. சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். ஏறக்குறைய மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தேன்.